மாடி அறையின் நியூட்ரல்

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் ஃபியூஸ்பை. இருபத்தாறு வருடமாக எலக்ட்ரீஷியன். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஃபியூஸ் கட்டையை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் ஏணியில் கால் வைப்பார். கட்டை தன்னிடம் இருந்தால் வேறு யாரும் கரண்டைப் போட முடியாது என்பது கணக்கு. ஆனால் பாதி வேலையில் சாப்பிட வரும்போதும் அது பையோடு வந்துவிடும். ஃபிரிட்ஜ் ஓடாமல் தவிக்கிறவர்கள் வீட்டுக்கு நான் ஸ்கூட்டரில் போய்க் கொடுத்துவிட்டு வருவேன். இவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

நல்ல மனுஷன். ஒரே ஒரு கோளாறு, தப்பை ஒத்துக்கொள்ள மாட்டார். பஸ்ஸைத் தவறவிட்டால் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது என்பார். என் கல்யாணத்துக்கு இருபது வயதாகிறது. 'நான் பண்ணது தப்பு' என்று அவர் வாயால் ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஒரு ஆசை இருந்தது.

என் தம்பி எட்டு வருடமாக அவரோடு வேலை செய்கிறான். ஃபியூஸ் கட்டை சட்டைப் பையில், ஃபோன் சத்தமில்லாமல் கருவிப் பையில். ஏணியில் நிற்கும்போது ஃபோன் அலறினால் கை பதறும் என்று இவர் போட்ட சட்டம். தம்பி அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிப்பான்.

அன்றைக்கு இவருக்கு முழங்கால் வீக்கம். தம்பி தனியாகப் போயிருந்தான். ஒரு வீட்டு ஹாலில் கூரைக்குக் கீழே புதிதாக ஃபால்ஸ் சீலிங் அடித்திருந்தார்கள். அதில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு எட்டு ஸ்பாட் லைட் பதிக்க வேண்டும். நடுவில் இருக்கும் பழைய விளக்கின் ஜாயின்டைப் பிரித்து, அங்கிருந்து ஒவ்வொரு லைட்டாக ஒயரைக் கொண்டுபோக வேண்டும். அரை நாள் வேலை.

பதினோரு மணி இருக்கும். நான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். இவர் காலை நீட்டிப்போட்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"எந்த வீடுன்னு சொன்னான் உன் தம்பி?"

"அந்த வளைவுல இருக்கற மாடி வீடு. பச்சை கேட்டு."

"பச்சையா? தண்ணி டேங்குக்கு எதிர்லயா?"

"ஆமா. முன்னாடி நீலமா இருந்துச்சு. இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்காங்க."

பேப்பரைக் கீழே வைத்துவிட்டார்.

"வண்டிய எடு."

"கால் இந்த அழகுல இருக்கு, எங்க போறீங்க?"

"எடுன்னு சொல்றேன்ல."

வண்டி கிளம்பிய பிறகுதான் பின்னாலிருந்து சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் இவரேதான். கடைசி நாள், மாடி அறைக்கு நியூட்ரல் ஒயர், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் ஒயர், பத்தவில்லை. வீட்டுக்காரர் அவசரப்படுத்தினார். கீழே ஹால் விளக்கின் நியூட்ரலிலேயே மாடி அறையையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டார்.

"அதனால என்ன?" என்றேன்.

"ஹால் ஃபியூஸ உருவினா ஹால் ஒயர்தான் சாகும். மாடிக்கு வேற ஃபியூஸ். அந்த ஜாயின்ட் சேர்ந்திருக்கற வரைக்கும் டெஸ்டர் வச்சாலும் எரியாது. பிரிக்கும்போது மாடியில ஃபேன் ஓடிட்டிருந்தா, பிரிஞ்ச முனையில முழு கரண்ட் நிக்கும். ஃபியூஸ் தன் பையில இருக்குன்னு அவன் தைரியமா வெறுங்கையால பிரிப்பான்."

"ஃபோன் போடுங்க."

"போட்டுட்டுதான் இருக்கேன்."

மணி போய்க்கொண்டே இருந்தது. அவன் எடுக்க மாட்டான் என்று இருவருக்குமே தெரியும். அவர் போட்ட சட்டம். அந்த வீட்டார் நம்பரோ தம்பியிடம்தான் இருந்தது.

கடைவீதியில் ஒரு லாரி குறுக்கே ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது. நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. லாரிக்காரன் எட்டிப் பார்த்துத் திட்டினான். நடைபாதையில் வண்டியை ஏற்றினேன். எனக்கு இவர்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. என் தம்பிக்கு ஏதாவது ஆனால் இந்த மனுஷனை ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டேன் என்று நினைத்தேன். அதே நேரம், பின்னால் அவர் 'எடுடா, எடுடா' என்று ஃபோனிடம் கெஞ்சுவதும் கேட்டது.

பச்சை கேட் வந்ததும் நான் ஹாலை நோக்கி ஓடினேன். ஏணி மேல் தம்பி நின்றிருந்தான். கை தோள்வரை கூரைக்குள் போயிருந்தது. மாடியில் ஃபேன் சுற்றும் சத்தம் படிக்கட்டு வழியாகக் கேட்டது.

"டேய், தொடாத. கைய எடு."

"என்னக்கா?" என்றான் உள்ளிருந்தபடியே. கை வெளியே வரவில்லை.

அந்த நொடியில் மாடி ஃபேன் சத்தம் நின்றது. வீட்டில் எல்லாம் நின்றது. இவர் உள்ளே வரவேயில்லை. நொண்டிக்கொண்டே நேராக கார் ஷெட்டுக்குப் போய் மெயின் சுவிட்சை இறக்கியிருந்தார். மேலேயிருந்து ஒரு பெண் குரல், "கரண்ட் போச்சா?" என்றது.

தம்பி இறங்கி வந்தான். விரல் நுனியில் பழைய டேப்பின் பிசின் கறுப்பாக ஒட்டியிருந்தது. டேப்பை உரித்து முடித்திருந்தான். முறுக்கைப் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி. நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

இவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். தம்பி ஏணியைப் பார்த்தான். தன் பையிலிருந்த ஃபியூஸ் கட்டையை எடுத்துப் பார்த்தான்.

"எந்த மடையன் மாமா இப்படிச் சேர்த்தது?"

பத்தொன்பது வருடத்தில் அந்த வீட்டுக்குள் எத்தனை பேர் வந்து போயிருப்பார்கள். யார் தலையில் வேண்டுமானாலும் போட்டுவிடலாம்.

"நான்தான் மாப்ள. நான் பண்ணது தப்பு."

தம்பி கட்டையைத் திரும்பப் பையில் போட்டான். பிறகு, "இதே மாதிரி இன்னும் எத்தன வீடு?" என்று கேட்டான்.

இவர் சுவரைப் பார்த்தபடி விரல் விட்டு எண்ணினார். "மூணு."

மெயின் அணைந்தபடியே இருக்க, தம்பி அந்த முறுக்கைப் பிரித்து மாடி அறைக்குத் தனி நியூட்ரல் இழுத்தான். எட்டு லைட்டும் எரிந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. அங்கிருந்தே அந்த மூன்றில் முதல் வீட்டுக்குப் போனோம். தம்பி முன்னால் போய் மணியடிக்கப் பார்த்தான். இவர் அவனைத் தடுத்து, வீங்கிய காலோடு தானே படியேறினார்.

கதவைத் திறந்தவர் கையில் குழந்தை இருந்தது.

"உங்க வீட்டு ஒயரிங் நான் பண்ணதுங்க. அதுல ஒரு தப்பு பண்ணிட்டேன். சரி பண்ண வந்திருக்கேன்."

இருபது வருடமாக நான் கேட்க ஆசைப்பட்ட பேச்சு ஒரே நாளில் இரண்டு தடவை வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்தக் குழந்தை சுவரிலிருந்த சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்து விளையாடிக்கொண்டிருந்தது.