பால் பொங்கியது பெர்த்தில் தெரியவில்லை

நேற்று காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் போனில் யாரோ ஒரு அம்மா மீன் கறி வைக்கும் வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊரார் சமையலைப் பார்த்துக்கொண்டே என் சமையலைக் கோட்டைவிடுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. அந்தத் தீய்ந்த வாசனை மூக்கில் ஏறியதும் கெப்பாலா பத்தாஸில் ஒரு புது வீட்டுச் சமையலறை ஞாபகம் வந்தது. கூடவே, இத்தனை வருஷம் கழித்தும், அன்று வந்த எரிச்சலும் வந்தது.

அப்போது எனக்கு முதல் வேலை. டத்தோ கிராமாட்டில் ஒரு சைக்கிள் கடைக்கு மேல்மாடி ஆபீஸ். முதலாளி சேகர் அண்ணன், கேமராக்காரர் ஒருவர், நான், ஒரு மின்விசிறி. கல்யாணம், அரங்கேற்றம், புதுமனை புகுவிழா என்று வீட்டு விசேஷங்களை வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்கு இன்டர்நெட்டில் நேரலையாகக் காட்டுவது எங்கள் தொழில். இன்று எந்தப் பிள்ளையும் போனைத் தூக்கிப் பிடித்து இதைச் செய்துவிடும். சிரிக்காதீர்கள், அன்று அதற்கு மூன்று பேர் சம்பளம் வாங்கினோம்.

பார்ப்பவர்களின் திரையில் வீடியோவை ஓட்டும் பிளேயரைக் கட்டுவது என் பொறுப்பு. வலைப்பக்கத்தையே பெரிய மென்பொருள் மாதிரி ஆக்கிக் காட்டுகிறேன் என்று பீற்றிக்கொண்ட ஒரு ஃப்ரேம்வொர்க் இருந்தது. அதில்தான் கட்டினேன். பிரௌசரில் பிளக்-இன் என்று ஒரு ஒட்டு மென்பொருளைப் போட்டிருந்தால்தான் அது ஓடும். பொத்தானுக்கு நிழல் வரும். மெனு வழுக்கிக்கொண்டு இறங்கும். வீடியோ மட்டும் வராது. என்ன கோளாறு என்று வாயைத் திறந்தும் சொல்லாது. நடுவில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் அந்த வட்டத்தைத் திட்டிய திட்டையெல்லாம் இங்கே எழுத முடியாது.

இராஜநாயகம் அங்கிள் அரசாங்க ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைக் கையை மடித்துவிட்டு அவரை நான் பார்த்ததில்லை. கெப்பாலா பத்தாஸில் ஆசையாக வீடு கட்டினார். ஒரே பிள்ளை சுதன் பெர்த்தில். படித்து முடித்ததும் திரும்பி வருகிறேன் என்று சொல்லிப் போனவன் வரவில்லை. அந்தக் கோபத்தில் அப்பாவும் பிள்ளையும் ஆறு வருஷமாகப் பேசவில்லை. ஆன்ட்டி மட்டும் குசினிக்குள் போய் நின்று மகனோடு பேசுவாராம். புதுமனை புகுவிழா அன்று நான் வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இதையெல்லாம் ஆன்ட்டியே சொன்னார்.

"பாக்குறேன்னு சொல்லியிருக்கான்மா. பால் பொங்குறத கண்ணால பாத்துட்டான்னா அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தையாவது பேசுவான். நீ எப்படியாவது காட்டிடும்மா."

இப்படி ஒரு பாரத்தை இருபத்துமூன்று வயசுப் பெண்ணின் தலையில் வைக்கலாமா?

புது வீட்டுக்கு இன்னும் லைன் வரவில்லை. லேப்டாப்பில் செருகும் இன்டர்நெட் குச்சிதான் கதி. ஜன்னலோரம் ஒரே ஒரு மூலையில்தான் அதற்கு சிக்னல். அதனால் லேப்டாப்பை ஜன்னல் கட்டையில் வைத்து, குச்சியை வயரோடு வெளியே நீட்டிப் பிடித்தபடி, ஒற்றைக் கையால் தட்டிக்கொண்டிருந்தேன். என் திரையில் அடுப்பு பளிச்சென்று தெரிந்தது. பெர்த்தில் வட்டம் சுற்றியது.

ஆன்ட்டி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "சுத்துதாம்மா, சுத்திக்கிட்டே இருக்காம்" என்றார். வீடியோ கொஞ்சம் சேர்ந்த பிறகு ஓடட்டும் என்று பிளேயர் காத்திருக்கும் நொடிகளைக் கூட்டினேன். சுற்றியது. படத்தின் தரத்தைக் குறைத்தேன். சுற்றியது. அவன் இருக்கும் இடத்தில் வீடியோ வரும் வழியை அடைத்திருப்பார்களோ என்று சாதாரண வலைப்பக்கம் வரும் வழியிலேயே அனுப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் பிளேயரைத் திருத்தி, அதன் கீழ் மூலையில் அடுத்த நம்பரைப் போட்டு ஏற்றிவிட்டு, "இப்ப தெரியுதா, கேளுங்க ஆன்ட்டி" என்பேன். கடைசியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

குருக்கள், "நேரம் போகுதும்மா, பானைகிட்ட வாங்க" என்றார். ஆன்ட்டி அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்தார். என் இரண்டு கையும் மாட்டியிருந்தது. சட்டென்று போனைக் கொண்டுபோய் அங்கிள் கையில் திணித்தார்.

அங்கிள் அதைக் காதில் வைத்தார். எனக்கிருந்த ஆத்திரத்தில் பெரியவர் என்றும் பார்க்கவில்லை. "அங்கிள், கீழ மூலையில என்ன நம்பர் இருக்குன்னு கேளுங்க!"

"கீழ... மூலையில என்ன நம்பர்னு கேக்குது இந்தப் பொண்ணு." ஆறு வருஷத்துக்குப் பிறகு அவர் மகனிடம் பேசிய முதல் வாக்கியம் இதுதான். என் பக்கம் திரும்பி, "மூணாம்" என்றார்.

நான் ஏற்றியிருந்தது ஆறாவது. அவனுடைய பிரௌசர் காலையில் திறந்த பழைய பிளேயரையே பிடித்து வைத்துக்கொண்டு, புதிதாக எதையும் வாங்காமல் இருந்திருக்கிறது. நான் திருத்திய ஒன்றுகூட அவனிடம் போய்ச் சேரவில்லை!

"கன்ட்ரோலையும் எஃப் அஞ்சையும் சேத்து அமுக்கச் சொல்லுங்க, புதுசு வந்துடும்!"

"கன்ட்ரோல அமுக்கு. விடாத. எஃப் அஞ்சு... என்னது? இது வேற மாதிரி கம்ப்யூட்டராம்மா, எஃப் அஞ்சுக்கு வெளிச்சம்தான் கூடுதாம்." பிறகு போனுக்குள் திரும்பி, "யுனிவர்சிட்டி போனவன்தானே நீ, ஒரு பட்டன் கண்டுபிடிக்கத் தெரியாதா லா?" என்று ஒரு சத்தம் போட்டார். அந்தப் பக்கத்திலிருந்தும் சத்தம் வந்தது. இருவரும் மாறி மாறிக் கத்திக்கொண்டார்கள். பானை விளிம்பில் நின்ற பாலுக்கு ஆன்ட்டி விரலால் தண்ணீர் தெளித்துத் தெளித்து அடக்கினார். குருக்கள் என்னை முறைத்தார். பெர்த்துக்காகப் பால் காத்திருந்தது அன்று ஒரு நாள்தான்.

காத்திருந்து அலுத்துப்போய், எல்லாரும் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அது பொங்கிவிட்டது. அங்கிள்தான் முதலில் பார்த்தார்.

"டேய், பொங்கிடுச்சுடா! கிழக்க... கிழக்குப் பக்கமா வழியுதுடா!"

அப்படியே பேசிக்கொண்டே வாசலுக்குப் போய்விட்டார். ஒவ்வொரு அறையாக, கதவாக, பின்பக்கம் வைத்த வாழை வரைக்கும் சொல்லிக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தார். பெர்த்தில் படம் வந்தபோது துணியால் துடைத்த அடுப்புதான் தெரிந்ததாம். "ஒரு பால் பொங்குறத காட்ட முடியல, நீ எல்லாம் என்ன வேலை பாக்குற?" என்று சேகர் அண்ணன் ஆபீசில் வைத்துக் காய்ச்சினார். எனக்கு மானம் போயிற்று.

ரோஷத்தில் பிளேயரை அடியோடு பிரித்து மறுபடி கட்டினேன். பழையதைப் பிடித்து வைக்காது, தரத்தைத் தானே கூட்டிக் குறைக்கும், அறுந்தால் தானே ஒட்டிக்கொள்ளும். அடுத்த வருஷம் கோயில் மண்டபத்தில் அங்கிளுக்கு எழுபதாவது பிறந்தநாள், அதையும் நேரலையாகக் காட்டப் போனேன். ஆன்ட்டியிடம், அங்கிளும் சுதனும் பேசிக்கொள்கிறார்களா என்று கேட்டேன். "எங்கம்மா, ரெண்டு பேருக்கும் என்னத்தப் பேசுறதுன்னு தெரியலியாம்" என்றார்.

அன்று வட்டம் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை. பெர்த்திலிருந்து ஒருவர் பார்ப்பதாக என் திரை காட்டியது. மாலை போடும்போதும், கேக் வெட்டும்போதும் இருந்த அந்த ஒருவர், கூட்டம் சாப்பிடப் போனதும் போய்விட்டார்.

அங்கிள் சாப்பிடப் போகாமல் என் மேசைக்கு வந்தார். கையில் போன் இருந்தது.

"என்னம்மா, இந்த வாட்டி ஒன்னும் கெட்டுப்போகலியா?"

"ஒன்னுமே இல்ல அங்கிள். ஒரு செகண்டுகூட நிக்கல!" என்றேன். எவ்வளவு பெருமை எனக்கு!

"ஓ" என்றார். போனை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மடச்சி, அவர் ஏன் போனோடு வந்து நின்றார் என்று எனக்கு அப்போது விளங்கவே இல்லை. விளங்கியிருந்தால் ஏதாவது ஒரு வயரை உருவிவிட்டிருப்பேன். இப்போது அங்கிள் இல்லை. அந்த பிளக்-இன்னையும் எல்லா பிரௌசர்களும் தூக்கி எறிந்துவிட்டன. நான் ராப்பகலாகத் திட்டித் திட்டிக் கட்டிய பிளேயரை இனி வேண்டுமென்றே கெடுக்க நினைத்தாலும், கெடுப்பதற்கு அது இல்லை.