கொடியில் காய்ந்த கம்பளி உறை

நான் முன்கோபக்காரன். சபையில் எல்லோருக்கும் தெரியும். வீம்பும் உண்டு. அந்த வீம்பால் எனக்கு மிச்சமிருந்த முட்டியையும் இழக்கப் பார்த்தேன். கர்த்தர் தடுத்தார். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

புதுவாயலில் கல்கத்தா ரோட்டைக் கடக்கும்போது லாரி மோதி, வலது கால் முட்டிக்குக் கீழே போய்விட்டது. மதராஸ் ஆஸ்பத்திரியில் மரக்கால் பொருத்தி, கூடவே ஒரு முனை மூடிய மூன்று கம்பளி உறைகளும் கொடுத்தார்கள். மிச்சக் காலுக்கு உறையைப் போட்டுத்தான் மரக்காலுக்குள் நுழைக்க வேண்டும். தினமும் துவைக்க வேண்டும், நன்றாகக் காய்ந்ததைத்தான் போட வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். பிறகு ஒரு பட்டறையில் உட்கார்ந்து அரம் போடும் வேலை கிடைத்தது. பேன்ட் போட்டுக்கொண்டால் புதிதாக வருகிறவர்களுக்கு எனக்குக் கால் இல்லை என்பதே தெரியாது. அதில் எனக்கு ஒரு பெருமை.

என் மனைவி எஸ்தர் உறையை வெளியே கொடியில் போட்டால் ஆத்திரம் வரும். ஊர் பார்க்க என் காலைக் காயப்போடுகிறாயா என்று கத்துவேன். பாவம், அடுப்புக்குப் பின்னால் பானை மறைவில் போடுவாள். வெயில் காலத்தில் சமாளித்தோம். எழுபத்தொன்றில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஓர் உறை நைந்து கிழிந்தது. மற்ற இரண்டும் காயவே இல்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தோல் வெந்து புண்ணாகிச் சீழ் வைத்தது. அதையும் மறைத்தேன்.

காய்ச்சல் வந்த பிறகுதான் திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் ஊசி போட்டார். புண் ஆறும்வரை மரக்காலைத் தொடக்கூடாது என்றார். சீழ் எலும்புக்கு இறங்கினால் காலை முட்டிக்கு மேலே வெட்டி எடுக்க வேண்டுமாம். ஆறினாலும், மறுபடி ஈர உறை போட்டால் இதே கதிதானாம். புது உறை வாங்க மதராஸ் போகும் நிலையில் நான் இல்லை.

வீட்டில் படுத்து அழுதேன். ஆண்டவரே, இந்த முட்டியை மட்டும் எனக்கு விட்டுவிடும் என்று கெஞ்சினேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை மழை விட்டு வெயில் அடித்தது. எஸ்தர் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் இரண்டு உறைகளையும் தெருப்பக்கக் கொடியில் போட்டாள். உள்ளேயிருந்து கத்தினேன். எழுந்து போய்ப் பிடுங்க எனக்குத் தெம்பில்லை.

அந்த நேரம் பார்த்து, பழவேற்காட்டு மீன் விற்கும் கோவிந்தம்மா வந்தாள். எங்கள் சபையில் ஞானஸ்நானம் பெறும் ஒவ்வொரு குழந்தைக்கும் போதகரம்மா கம்பளிக் குல்லா பின்னிக் கொடுப்பது வழக்கம். வீடு வீடாகப் போகிறவள், அதையெல்லாம் பார்த்திருக்கிறாள்.

"இன்னா எஸ்தரு, ஊட்டுக்குக் கொயந்த வந்துக்குதா? குல்லா காயுது."

குல்லா இல்லை, அவர் காலுக்குப் போடுவது என்று எஸ்தர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். எனக்கு உயிரே போய்விட்டது. கோவிந்தம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

"குல்லா பின்ற அம்மா உங்க கோயில்லயே கீறாங்க. இத்தப் பின்னித் தர மாட்டாங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் குல்லாக்களை எத்தனை ஞாயிறு பார்த்தவன் நான்! அவளுக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை. மறைப்பதிலேயே குறியாக இருந்தவனுக்கு எப்படித் தோன்றும்?

எஸ்தர் ஓடிப்போய்ச் சொல்ல, மத்தியானமே போதகரம்மா வந்துவிட்டார். அளவு எடுக்க வேண்டும், காலைக் காட்டுங்கள் என்றார். எஸ்தரையும் டாக்டரையும் தவிர யாருக்கும் நான் காட்டியதில்லை. போர்வையை விலக்கினேன். நாற்றம் வீசியது. அந்த அம்மா முகம் சுளிக்கவில்லை. புண்ணில் படாமல் நூலால் அளந்தார்.

"இத்தன கொயந்தைங்களுக்குப் பின்னிக்கினு இருக்கேன். நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே, தம்பி."

வாய்விட்டு அழுதேன். ஆண்டவரிடம் கேட்கத் தெரிந்த எனக்கு, அவருடைய ஜனங்களிடம் கேட்க வெட்கமாக இருந்தது. அவரோ அவர்கள் கையில்தான் எனக்கானதை வைத்திருந்தார்.

நாளுக்கு ஒன்றாக, வாரத்தின் ஏழு நாளுக்கும் ஏழு உறைகள் பின்னிக் கொடுத்தார். தையில் புண் ஆறியது. டாக்டர் முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, வெட்ட வேண்டாம், மரக்காலைப் போடலாம் என்றார். பட்டறையில் இப்போது யார் கேட்டாலும் பேன்ட்டைத் தூக்கிக் காட்டுகிறேன். கோபம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஜெபித்துக்கொள்ளுங்கள்.

பிரியமானவர்களே, எதையாவது மூடி வைத்துக்கொண்டு ஜெபிக்கிறீர்களா? கூட ஜெபிக்கிறவர்களிடமும் வாய் திறந்து சொல்லுங்கள். அவர் கைவிட மாட்டார். போன ஞாயிறு திருவிருந்து வாங்க எல்லோரோடும் நானும் பீடத்துக்கு முன்னே போனேன். முட்டி மடங்கியது. முழங்கால் படியிட்டேன்.