கரும்பலகைக்குக் கீழே என் இனிஷியல்

போன வாரம் ஆனையூரில் முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தேன். வெட்டுவதற்குத் தலையில் அதிகமில்லை, பழக்கம் விடவில்லை. பக்கத்து நாற்காலியில் ஐ.டி. வேலைக்காரர் ஒருவர், கன்னம் முழுக்க நுரை, கையில் போன், போனில் சரிந்துகொண்டே போகும் சிவப்புக் கோடு. நான் பங்குச் சந்தையில் குப்பை கொட்டியவன் என்று கடைக்காரர் போட்டுக்கொடுத்துவிட்டார். "அண்ணே, இப்பவே வித்துட்டு வெளிய வந்துறவா? இன்னும் விழுந்ததும் திரும்ப வாங்கிக்கிறலாம்ல?" என்றார். நல்ல கம்பெனி என்றால் சும்மா இருங்கள் என்றேன். பல்வலி என்று டாக்டரிடம் போனவருக்கு முறுக்கு எழுதிக்கொடுத்தது போல என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வை எனக்குப் பழையது. கடையின் பவுடர், தலையெண்ணெய் வாசம் வேறு சேர்ந்துகொண்டதில் நான் மனசுக்குள் கீழமாசி வீதிப் பக்கத்து மாடி ஒன்றுக்குப் போய்விட்டேன்.

சோணைமுத்து முதலாளியின் ஷேர் புரோக்கர் ஆபீஸ் அங்கேதான் இருந்தது. ஒரு ஹால், நாலைந்து பெஞ்சு, விலை ஓடும் டி.வி. சுவரோரம் வரிசையாக எண்ணெய்க் கறை. ஒவ்வொரு கறையும் ஒரு வாடிக்கையாளரின் தலை சாயும் இடம். அடுத்தவர் கறையில் யாரும் சாய மாட்டார்கள். அந்த ஆபீஸில் எனக்கு அனலிஸ்ட் உத்தியோகம். அதாவது, தினமும் காலையில் எதை வாங்கலாம், எதை விற்கலாம் என்று கரும்பலகையில் எழுதி, கீழே இனிஷியல் போட வேண்டும். படித்த பையன் எழுதியது என்றால் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை வர அதற்கப்புறமும் பல வருடம் ஆயிற்று.

சந்தைக்குள் எப்போது நுழைவது, எப்போது வெளியேறுவது என்று நேரம் பார்ப்பதைப் பற்றித் தடித் தடியாகப் புத்தகங்கள் படித்திருந்தேன். எங்கள் ஹாலில் அதற்கு நாள்காட்டியே போதும். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகு காலம். யாரும் வாங்க மாட்டார்கள், கூட்டமாக டீ குடிக்கப் போய்விடுவார்கள். அந்தக் காலி ஹாலில் தெற்குவாசலில் பட்டன் கடை வைத்திருந்த கமால் பாய் மட்டும் நிம்மதியாக வாங்குவார். அவர் ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும்போது இவர்கள் திரும்பி வந்து ஒருவர் மேல் ஒருவர் விழுந்து வாங்குவார்கள். இரண்டு தரப்பிலும் லாப நஷ்டம் ஒரே மாதிரிதான் வந்தது.

எனக்கு வேறொரு பைத்தியம். வளர்கிற கம்பெனியாகப் பார்த்துப் பிடித்து, அது வளர்ந்து முடிக்கிறவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். முதலாளிக்கு இது ஆகாது. ஜனங்கள் வாங்கினாலும் விற்றாலும் அவருக்குக் கமிஷன். சும்மா இருந்தால் கரண்ட் பில் மட்டும்தான்.

ஒரு திங்கட்கிழமை சந்தை படுத்துவிட்டது. ஹாலில் நிற்க இடமில்லை. நான் பலகையில், 'இன்று எதையும் விற்க வேண்டாம்' என்று எழுதி இனிஷியல் போட்டேன். முதலாளி தோள் துண்டை எடுத்துப் பலகையைத் துடைத்தார். 'எல்லாவற்றையும் விற்கவும்' என்று தன் கையால் எழுதினார். சாக்பீஸை என்னிடம் நீட்டினார்.

"கீழ ஒன் இனிஷியலப் போடு."

"எழுதுனது நீங்க. உங்க இனிஷியலப் போடுங்க."

"சும்மா இருக்கச் சொல்றதுக்கு இம்புட்டுச் சம்பளமாய்யா? சும்மா இருக்க இவிங்க எதுக்கு மாடி ஏறி வரணும், வீட்டுலயே இருப்பாய்ங்கள்ல?"

நியாயமான கேள்விதான். எனக்கு அப்போது கல்யாணமாகிச் சில மாதங்கள். விளாங்குடியில் வாடகை வீடு. மாமனார் ஏற்கெனவே என்னைச் சூதாடி என்று சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். இருந்தாலும் நீட்டிய சாக்பீஸை வாங்காமல், போட முடியாது என்றேன்.

"அப்ப நாளைலருந்து வராத."

படி இறங்கும்போது கமால் பாய் பின்னாலேயே வந்தார். இரண்டாவது கடைக்காக வைத்திருந்த பணத்தையெல்லாம் நான் சொன்ன ஒரு பைப் கம்பெனியில் போட்டிருந்தவர். "தம்பி, நீ சொன்னத நான் விக்கல. நாசமாப் போச்சுன்னா ஒன் வீட்டு வாசல்ல வந்து நிப்பேன், ஆமா."

பைப் கம்பெனி அதற்கப்புறமும் விழுந்தது. என் ஞானத்தைக் கொஞ்சமும் மதிக்காமல் விழுந்தது. பாயும் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் வெள்ளைச் சட்டை மடிப்புக் கலையாமல் விளாங்குடிக்கு வந்துவிடுவார். வாசலில் நின்று தெருவுக்கே கேட்கத் திட்டுவார். பிறகு உள்ளே வந்து, சர்க்கரை தூக்கலாக ஒரு டீ குடித்துவிட்டு, "விக்கவாடா?" என்பார். வேண்டாம் என்பேன். "என் ஹயாத்துல ஒன்ன மாதிரி வீம்பு புடிச்சவனப் பாத்ததில்ல" என்று செருப்பை மாட்டுவார். அவர் விற்கவில்லை. நானும் வார்த்தையை மாற்றவில்லை.

கடைசியில் அந்தக் கம்பெனி எழுந்தது, வளர்ந்தது. பாய் இரண்டாவது கடையும் திறந்தார். அது கம்பெனியின் சாமர்த்தியம். அதே தைரியத்தோடு நான் சிபாரிசு செய்த இன்னொரு கம்பெனி இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருக்கிறது. இருந்தாலும் இனிஷியல் விஷயத்தில் நான் செய்தது சரி. அன்றே பைப் கம்பெனி மூழ்கியிருந்தாலும் சரிதான்.

பாய் மௌத்தாகி, மண்ணுக்குள் போய்ச் சில வருடமாகிறது. இன்றைக்குச் சந்தை விழுந்தால் ஆளாளுக்குத் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்து விற்றுக்கொள்கிறார்கள். யாரும் யாரையும் வையக்கூட முடிவதில்லை. நான் சொன்னது பொய்த்தால் வீடு தேடி வந்து, தெரு கேட்கத் திட்டி, டீ குடிக்க ஒரு மனிதர் இல்லை. அதற்காக நான் சொல்வதை மாற்றிக்கொள்வதாகவும் இல்லை.