கிறிஸ்துமஸ் மேசையில் ஒயின் பாட்டில்

அந்தப் பாட்டிலை நான் வெறுத்தேன். இன்றைக்கும் வெறுக்கிறேன்.

என் மகன் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறான். கம்பெனி அவனை ஆறு மாதம் ஃபிரான்சுக்கு அனுப்பியது. போன கிறிஸ்துமஸுக்குப் பொழிச்சலூர் வீட்டுக்கு வந்தவன், பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலைச் சுற்றிக் கொண்டுவந்தான். அவன் அப்பா குடித்தே செத்தவர். ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, நாற்பத்திரண்டு வயதில் போனார். இனி அந்த வாடை என் வாசப்படி ஏறக்கூடாது என்று அன்றிலிருந்து தினமும் ஜெபம் பண்ணுகிறேன்.

காலை ஆராதனை முடிந்து வந்து பிரியாணிப் பாத்திரத்தைத் திறப்பதற்குள், பாட்டில் மேசையில் நின்றது.

“இது சரக்கு இல்லம்மா. அங்க சாப்பாட்டோட வைக்கிறது.”

“இன்னா பேரு வச்சா இன்னாடா? குடிதானே.”

“நீயே சர்ச்சுக்குத் திராட்சரசம் செஞ்சு தர்றியே.”

எங்கள் சபையின் திருவிருந்துக்குப் பல வருஷமாக நான்தான் ரசம் செய்கிறேன். கறுப்புத் திராட்சையை வேகவைத்து வெள்ளைத் துணியில் வடிகட்டி முடிக்கிறவரை யாரோடும் பேசமாட்டேன், மனசுக்குள் ஜெபம்தான்.

“அது புளிக்க வைக்காத ரசம்டா. அதைக் குடிச்சிட்டு எவன் ரோட்ல வுழுந்து கெடந்தான்?”

அவன் சிரித்துக்கொண்டே கண்ணாடி கிளாஸில் ஊற்றிச் சுழற்றினான். “பாரும்மா, கறுப்புப் பழ வாசனை, மரப்பீப்பா வாசனை, கொஞ்சம் தோல் வாசனைகூட வரும். வாயில வச்சா தண்ணி மாதிரி ஓடாது, கனமா நிக்கும். நாக்கு துவர்க்கும். மட்டனுக்கு இதான் ஜோடி.”

“தோல் வாசனைக்கு எதுக்குடா ஃபிரான்சு? பம்மல்ல தோல் பதப்படுத்துற எடத்தாண்ட நின்னா சும்மாவே வருதே.”

அவன் கிளாஸை என் மூக்குக்கு நேரே நீட்டினான். முகத்தைத் திருப்புவதற்குள் வாசனை வந்துவிட்டது. நல்ல வாசனை. நாவல்பழத்தை நசுக்கி ஈரக் கட்டைமேல் வைத்தாற்போல இருந்தது. அவன் அப்பாமேல் அடித்தது நாற்றம், அதை விரட்ட எனக்குத் தெரியும். இது மணத்தோடு உள்ளே வருகிறது. அதனால்தான் இதன்மேல் ஆத்திரம் இன்னும் அதிகம்.

ஒரு கிளாஸை ஒரு மணி நேரம் குடித்தான். நான் சோற்றில் கை வைக்கவில்லை. அடுத்த கிளாஸுக்குக் கை போகுமா என்றே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இன்னாம்மா மொறைக்கிற? நான் அப்பா இல்ல.”

“அவரும் அவங்க அம்மாகிட்ட அப்படித்தான் சொன்னாரு. கல்யாணமான புதுசுல அவரும் ஒண்ணோட நிறுத்தினவருதான்.”

அவன் பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தான். அவன் தூங்கினதும், ஒயின் நிற்கிற மட்டத்தில் லேபிள்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டேன். தினமும் திறந்து பார்த்தேன். குறையவில்லை.

புதுவருஷத்தன்று அவனே எடுத்து முகர்ந்தான். “புளிச்சுப்போச்சும்மா. தொறந்தா நாலஞ்சு நாளுக்கு மேல தாங்காது.” அப்போதுதான் கோட்டைப் பார்த்தான்.

“நீ போட்டதா?”

“ஆமா.”

மிச்சம் முழுவதையும் தொட்டியில் கொட்டினான். திறந்த பாட்டில் ஒன்று காலியாகாமல் புளிக்கும்வரை எங்கள் வீட்டில் கிடந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். அறைக்குள் போய் முழங்கால் போட்டு ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அன்று முழுக்க அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிள்ளை மனசு நொந்தது எனக்குத் தெரியும். இருந்தாலும் மன்னிப்பு கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். இன்னொரு பாட்டில் வந்தால் அதிலும் கோடு போடுவேன்.