மூன்று ஹாரன்

பட்டப்பகலில் பேயா என்று சிரிப்பவர்கள் முதலில் சிரித்து முடித்துவிடுங்கள். நடந்தது தேனியில், வீரபாண்டித் திருவிழா முடிந்த மறுவாரம், பகல் 12:10க்கு. மெக்கானிக் கிங்ஸ்லி பொய் சொல்லி நான் கேட்டதில்லை. இதைச் சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

வாடிக்கைக்காரர் சுந்தர்ராஜின் பழைய ஃபியட் கார். என்ஜினைப் பிரித்துப் புதிதாகக் கட்டியாயிற்று. ஆனாலும் போடி மெட்டு ஏற்றத்தில் என்ஜின் டக்டக்கென்று தட்டியது. பிளக்கில் பொறி விழும் நேரம் தப்பு. கிங்ஸ்லி பட்டறை ஷட்டரை இறக்கினார். இருட்டில்தான் டைமிங் லைட் மினுக்கி, சுழலும் புல்லியில் தீட்டிய வெள்ளைக் குறியை நிற்பதுபோல் காட்டும். குறி என்ஜினில் உள்ள முள்ளுக்கு நேரே நின்றால் நேரம் சரி; ஆக்சிலேட்டரை மிதித்தால் குறி ஏறும்.

முன்பு இந்த வேலைக்கு இரண்டு பேர். முன்னால் அவர், ஸ்டியரிங்கில் மனைவி எப்சிபா. திறந்த பானட் அவள் முகத்தை மறைக்கும். ஏதாவது என்றால் அவள் ஹாரன் அடிப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன், இதே வண்டியில், குறி நிற்காமல் ஏறியது. ஸ்பேனர் எடுக்குமுன் வாயில் திட்டு வந்துவிடும் மனுஷன் அவர்.

"மிதிக்காத புள்ள!"

ஹாரன் அடித்தது.

"சும்மா இருடி, குறி நிக்கட்டும்!"

இன்னொரு தடவை. இன்னொரு தடவை... அதன் பிறகுதான் எட்டிப் பார்த்தார். எப்சிபா ஸ்டியரிங்கில் சாய்ந்து கிடந்தாள். நெஞ்சுவலி. உயிர் போயிருந்தது. கால் ஆக்சிலேட்டரில். அந்த மூன்று ஹாரனைப் பற்றி, என்னிடம் சொல்லும்வரை, அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இந்தத் தடவை தனியாள். 12:10. லைட்டைப் பிடித்தார். குறி முள்ளுக்கு நேரே நின்றது.

12:12. நகர்ந்தது.

பொறி நேரத்தை மாற்றும் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பினார். நின்றது. மறுபடி ஏறியது. கார்புரேட்டர் அடியில் காற்று இழுக்கிறதோ? இல்லை. உறுமல் கூடியது. யாரோ மெல்ல மிதிப்பது போல...

ஆக்சிலேட்டர் கம்பியைக் காலையிலேயே கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்.

"மிதிக்கா..." நாக்கு நுனிக்கு வந்ததை விழுங்கினார்.

12:14.

ஹாரன்.

அதே கரகரப்பு.

லைட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். முட்டி பம்பரில் இடித்தது. கதவைத் திறந்தார்.

"வந்துட்டேன் புள்ள... வா, ஆஸ்பத்திரிக்குப் போவோம்..."

சீட்டில் யாரும் இல்லை. உறுமல் தானாக இறங்கி, என்ஜின் சீராக ஓடியது. கதவைப் பிடித்தபடி அழுதார். இரண்டாவது ஹாரனுக்காகக் காத்திருந்தார். அது வரவே இல்லை.

ஒரு மணிக்கு சுந்தர்ராஜ் வந்து பெஞ்சில் ஒரு பையை வைத்தார்.

"ஹாரன்ணே. நேத்து நீங்க சாப்பிடப் போயிருந்தீகல்ல, அப்ப நானே கழட்டிட்டுப் போனேன். கரகரன்னு இருந்துச்சே, சரி பண்ணியாச்சு."

கிங்ஸ்லி பையைத் தொடவில்லை.

"இன்னைக்கு ஒரு தடவைதான் கூப்பிட்டா" என்றார்.