எம்லின் கைக்கு வந்த வெள்ளைப் பந்து

என் தம்பி எம்லின் பிராசருக்கு இடி என்றால் பயம். நாய் என்றால் பயம். தேவாலய மணிக்கூண்டில் ஏறச் சொன்னால் பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவான். எங்கள் ஊர் கார்னிக்கில் அவன் வயதுப் பையன்களெல்லாம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிய முதல் நாளில், இவன் மட்டும் கூண்டு வண்டியின் கம்பியைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்களாம். அப்பா வீட்டுக்கு வந்து முகம் கழுவினார். அவன் பக்கம் திரும்பாமல் சாப்பிட உட்கார்ந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவனை இரும்பு நெஞ்சுக்காரன் என்று எழுதிய பத்திரிகைக்காரர்கள் யாருக்கும் இது தெரியாது.

அப்படிப்பட்டவன் பேஸ்பால் நடுவரானான். சனிக்கிழமை ஆட்டங்களில் பந்து வந்தால் ஒதுங்கிக்கொள்வான் என்பதால் எந்த அணியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. யாரும் செய்ய விரும்பாத வேலை ஒன்று மிச்சம் இருந்தது, அதை அவன் தலையில் கட்டினார்கள். அவன் சொன்ன தீர்ப்புகள் தப்பாமல் இருந்தன. சில வருடங்களில் எங்கள் பக்கத்துச் சுரங்க ஊர்களின் லீக்கிலேயே சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் ஓர் ஆட்டத்துக்கு ஒரே நடுவர்தான். ஓடுபவர்கள் தொட்டு நிற்கும் மூலைகளான பேஸ்களில் ஆள் இல்லாதபோது மட்டையடிப்பவரின் பின்னால் நிற்க வேண்டும். ஆள் ஏறிவிட்டால் பந்து வீசுபவரின் பின்னால் போய்விட வேண்டும். மைதானத்தில் அவனுக்கென்று ஒரு மனிதர் கிடையாது. ஆட்டக்காரர்கள் ஆணிச் செருப்பால் அவன் காலை மிதிப்பார்கள், புகையிலைச் சாற்றை அவன் மேல் துப்புவார்கள். கூட்டம் பாட்டில் எறியும். அந்தந்த ஊர்ப் போலீஸ் அந்தந்த ஊர்க்காரராகத்தான் இருப்பார்.

நான் சட்டைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்தவள். அவனுடைய கருநீலக் கோட்டை நான்தான் தைத்தேன். பந்து வைக்க இரண்டு பக்கமும் அகலமான பைகள், கிழியாதபடி இரட்டைத் தையல். தொப்பியின் உள்ளே சுற்றிலும் கம்பளித் துணியை மடித்து வைத்துத் தைத்திருந்தேன்.

"தொப்பி ஏன் அக்கா இவ்ளோ கனமா இருக்கு?"

"உள்ள மூளை இருக்குல்ல, அதான்."

பாட்டிலுக்காக என்று நான் சொல்லவில்லை. அவனுக்கும் தெரியும். ஆட்டம் இருக்கிற ஒவ்வொரு காலையும் அவன் வாந்தி எடுப்பான். வீட்டில் இருந்தால் பேசின் பாத்திரத்தை நான் பிடித்துக்கொள்வேன். பிறகு முகம் துடைத்து, நான் இஸ்திரி போட்ட காலரை மாட்டிக்கொண்டு, நேராக நடந்து போவான். பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அந்த வருடம் செப்டம்பரில் எங்கள் கார்னிக் அணியும் ஹேடன்வில் ஊர் அணியும் லீக்கில் சமமாக நின்றன. கடைசி ஆட்டம் எங்கள் ஊரில். ஜெயிக்கிற அணிக்குக் கோப்பை. சொந்த ஊர் ஆட்டத்துக்கு நடுவரை அனுப்பும் வழக்கம் லீக்கில் இல்லை. ஆனால் அனுப்பிய மனிதர் ரயிலை விட்டு இறங்கியதும், நடுவர் உடுப்பு மாட்டிய வைக்கோல் பொம்மை ஒன்று தந்திக் கம்பத்தில் தொங்குவதைப் பார்த்தார். அதே ரயிலில் திரும்பிவிட்டார். அவருக்குப் பதிலாக நிற்கச் சொல்லி எம்லினுக்குத் தந்தி வந்தது.

"போகாதடா. காய்ச்சல்னு சொல்லிடு," என்றேன்.

"நான் போகலன்னா ஆட்டம் நடக்காது. நடக்கலன்னா அதுக்கும் என்னத்தான் ஒதைப்பாங்க. நீ வராத அக்கா."

அன்று பெண்களுக்கு இலவச அனுமதி. நான் போனேன். தொழிற்சாலைத் தோழி பெர்த்தா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இருக்கைகள் நிரம்பி வழிந்து, மைதானத்தின் பின்பக்கம் கயிறு கட்டி, வெட்டாத புல்லுக்குள் ஆண்களை நிற்க விட்டிருந்தார்கள். போலீஸ்காரர் ஹூபர் தன் கோட்டில் கார்னிக் அணியின் ரிப்பனைக் குத்தியிருந்தார். அவரை நம்பிப் பயனில்லை என்று தெரிந்தது.

"டேய் எம்லின்! ஒனக்கு ஞானஸ்நானம் பண்றப்போ நான் பக்கத்துல நின்னவன்டா! ஞாபகம் வெச்சுக்க!" என்று கசாப்புக் கடை யோஸ்ட் கத்தினார்.

"அன்னிக்கும் அழுதுக்கிட்டுதான் இருந்தான்!" என்றார் இன்னொருவர்.

"குருட்டுப் பயலே! ஒங்க அக்காகிட்ட போய் ஊசியில நூல் கோக்கக் கத்துக்க!"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பெர்த்தா எழுந்து நின்றாள். "அதே நூல்ல ஒன் வாயத் தைக்கட்டுமாய்யா?" சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்லின் திரும்பியே பார்க்கவில்லை. ஆனால் அவன் வலது கை கோட்டுப் பையின் ஓரத்தைப் பிடித்திருந்தது. சின்ன வயதில் கூண்டுக் கம்பியைப் பிடித்ததுபோல.

பந்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க ஒரே பந்துதான். கூட்டத்துக்குள் போனாலும் திருப்பி எறிந்துவிடுவார்கள். பெட்டியிலிருந்து வெளியே வரும்போது வெள்ளையாக இருக்கும். அப்புறம் அதில் எச்சில், புகையிலை, மண், எங்கள் ஊர்க் கரித்தூள் எல்லாம் சேரும். சாயங்காலத்தில் அது ஒரு கரித்துண்டு மாதிரி ஆகிவிடும். அடிப்பவர் அதைப் பார்ப்பதைவிட அது வரும் சத்தத்தைத்தான் கேட்பார்.

ஆட்டத்தின் கடைசிப் பகுதி. கார்னிக் ஓர் ஓட்டம் முன்னால். ஹேடன்வில்லுக்கு இன்னும் ஓர் ஆள் அவுட் ஆனால் எல்லாம் முடிந்தது. முதல் பேஸில் அவர்களுடைய ஆள் ஒருவன் நின்றான். சூரியன் கரி மேட்டுக்குப் பின்னால் போய்விட்டது.

ஹேடன்வில் ஆள் ஓங்கி அடித்தான். பந்து இடப்பக்கம் உயரப் போய், கயிற்றுக்கு இந்தப் பக்கம் உயரமாக வளர்ந்த புல்லுக்குள் விழுந்தது. எங்கள் இடப்பக்க ஆட்டக்காரன் கேஹில், எங்கள் தெருவிலேயே குடியிருப்பவன், கைக்குழந்தைக்காரன், ஓடிப் போய்க் குனிந்தான். குனிந்த வேகத்தில் நிமிர்ந்து எறிந்தான். முதல் பேஸிலிருந்து ஓடி வந்த ஆள், ஓட்டம் முடியும் ஹோம் பேஸைத் தொடுவதற்கு முன் பந்து வந்துவிட்டது. எம்லின் ஓடிப் போய்ப் பார்த்து முஷ்டியை உயர்த்தினான். அவுட்!

தொப்பிகள் பறந்தன. கயிற்றைத் தாண்டி ஆண்கள் மைதானத்துக்குள் பாய்ந்தார்கள். எனக்கு மூச்சு வந்தது. ஊர் ஜெயித்துவிட்டது, என் தம்பி உயிரோடு வீட்டுக்கு வருவான். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஹோம் பேஸில் பந்தைப் பிடித்தவன் வழக்கப்படி அதை நடுவரிடம் கொடுத்தான். எம்லின் அதைப் பைக்குள் போட்டான். போட்ட கையை வெளியே எடுக்கவில்லை. அங்கேயே நின்றான். வேண்டாம், எதுவானாலும் வேண்டாம், கையை எடுத்துக்கொண்டு வந்துவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

அவன் பந்தை வெளியே எடுத்துத் தலைக்கு மேல் தூக்கினான். அந்த மங்கலில்கூட அது வெள்ளையாகத் தெரிந்தது.

யாரோ ஆட்டத்துக்கு முன்பே, அடித்த பந்தைத் தேடாமல் உடனே எடுத்து எறிவதற்காக, புல்லுக்குள் ஒரு பந்தை ஒளித்து வைத்திருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் அசல் பந்து கறுத்துவிடும் என்பதை மறந்து, பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பந்தையே வைத்துவிட்டார்கள்.

"இது ஆட்டப் பந்து இல்ல," என்றான் எம்லின். அவன் குரல் உடைந்தது. "அவுட் செல்லாது. ஏமாத்துனா விதிப்படி ஆட்டம் எதிரணிக்கு, ஹேடன்வில்லுக்கு."

அப்போது எழுந்த சத்தத்தை நான் அதற்குப் பிறகு சுரங்கம் சரிந்த அன்று மட்டும்தான் கேட்டேன்.

நான் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. பாவாடை வேலிக் கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அவன் வாசல் பக்கம் ஓடுவான் என்று நினைத்தேன். அவன் எதிர்ப்பக்கம், கூட்டத்தின் நடுவே, இடப்பக்கப் புல்லை நோக்கி நடந்துகொண்டிருந்தான். மூச்சிரைக்க அவன் கையைப் பிடித்தேன்.

"எங்கடா போற? கொன்னுடுவாங்கடா!"

"கறுப்புப் பந்து அங்கதான் இருக்கு அக்கா. அது கெடைக்கலன்னா நான் பொய்யன்."

அவன் முழங்காலிட்டுப் புல்லைத் துழாவினான். நானும் பக்கத்தில் முழங்காலிட்டேன். சுற்றிலும் பூட்ஸ் கால்கள். நெருங்கி வந்தவை, தரையில் ஒரு பெண்ணைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கின. ஓரடிதான்.

"எங்கடா ஒன் கறுப்புப் பந்து? காட்டுடா!"

"ஹேடன்வில்காரன் எவ்ளோ குடுத்தான்?"

எல்லாக் கால்களும் முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தன. ஒரு ஜோடி மட்டும் அசையவே இல்லை. ஆணி வைத்த செருப்பு. எம்லினும் அதைப் பார்த்தான்.

"கேஹில்," என்றான் மெதுவாக. "காலத் தூக்கு."

கேஹிலின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. "எம்லின், வேணாம்டா. என்னையும் கொன்னுடுவாங்க."

"தெரியும். தூக்கு."

அவன் தூக்கினான். மண்ணுக்குள் அமுங்கிக் கிடந்தது, கரித்துண்டு மாதிரி.

முன்னால் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். பின்னால் நின்றவர்களுக்கு அவர்கள் சொன்னார்கள். "கேஹில்தான் ஏமாத்திருக்கான்! கோப்பைய நாசமாக்கிட்டான்!" சத்தம் திசை மாறியதைக் கேட்டேன். நிம்மதி வரவில்லை, இன்னும் மோசமாகத்தான் இருந்தது. எம்லின் கேஹிலின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் தனக்கும் எனக்கும் நடுவில் விட்டுக்கொண்டான்.

"கீழ பாத்துக்கிட்டே நட. ஓடாத. ஓடுனா விழுவோம்."

அவனுக்கு அது தெரியும். ஆட்டத்துக்கு ஆட்டம் அப்படித்தான் வெளியே வந்திருக்கிறான். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டில் வந்தது. எம்லினின் தொப்பிக்குச் சற்றுக் கீழே, நான் துணி வைக்காத இடத்தில் பட்டுத் தோலைக் கிழித்தது. ஹூபர் எங்களைப் பார்த்தார். பிறகு, கடவுள் அவரை ஆசீர்வதிக்கட்டும், அந்த ரிப்பனைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் பின்னால் வந்து நின்றார்.

டாக்டரும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார். கூப்பிட்டதற்கு வரவில்லை. சமையலறையில் எம்லினை உட்கார வைத்து, பட்டு நூலைக் கொதிநீரில் போட்டேன். கேஹில் கதவோரம் தலைகுனிந்து நின்றான், தன் வீட்டுக்குப் போக அவனுக்குத் துணிச்சல் இல்லை.

"அவன் கையப் புடிச்சுக்க," என்றேன் அவனிடம்.

"எதுக்குக்கா? இவனா பயப்படுவான்? அவ்ளோ பேரு நடுவுல நின்னவன்!"

நான் ஊசியில் நூல் கோத்தேன். எம்லின் அந்த ஊசியைப் பார்த்தான். கண்கள் மேலே சொருகின. மயங்கிக் கேஹிலின் மேலேயே சாய்ந்தான்.

"அட கடவுளே," என்றான் கேஹில், அவனைத் தாங்கிப் பிடித்தபடி.

"அசையாம புடிச்சுக்க," என்றேன். சின்னச் சின்னதாக, நெருக்கமாகத் தையல் போட்டேன். தழும்பு இன்றைக்கும் நேர்கோடாகத்தான் இருக்கிறது. அடுத்த ஏப்ரலில் அவன் மறுபடி கோட்டை மாட்டிக்கொண்டான். அதற்கு முன் அந்தப் பேசின் பாத்திரத்தைக் கேட்டான்.