சேலத்தின் கடல் மூன்றாம் மாடியில்

சூரமங்கலத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற ரூபனிடம் கடலைப் பற்றி யார் கேட்டாலும், கையிலிருக்கும் செப்புக் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்றுதான் சொல்வான். அவன் கப்பலில் பதினாறு மாதம் இருந்துவிட்டு வந்தவன் என்பது சர்ச்சில் ஞாயிறு பூசைக்கு வருகிற அத்தனை பேருக்கும் தெரியும். கேட்டவர்களின் முகம் சுண்டிப்போகும். அதைப் பற்றி அவன் கவலைப்பட்டதில்லை.

கிருத்திகா வந்து கேட்டபோதும் அதையே சொன்னான். அவள் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முப்பது நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடந்து பழைய கதைகளைச் சொல்வாள். இந்த மாதத்து நடைக்கு 'சேலமும் கடலும்' என்று பேர் வைத்திருந்தாள்.

"கடலே இல்லாத ஊருக்குக் கடல் வரலாறான்னு சிரிக்கிறாங்க சார். இங்க உருக்கின இரும்பு கப்பலேறி இங்கிலாந்து வரைக்கும் போயிருக்கு. இங்க நெய்த துணியும் கடல் தாண்டிப் போயிருக்கு. கப்பல்ல வேலை பார்த்த உள்ளூர்க்காரர் ஒருத்தர் கடைசியில பத்து நிமிஷம் பேசினா நல்லா இருக்கும்."

"வேற ஆளப் பாருங்க."

அவள் ஒரு துண்டுச் சீட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போதுதான் ரூபன் அதைப் பார்த்தான். அடியில் நங்கூரம் போட்ட முத்திரை, பக்கத்தில் ஒரு படம். நிகழ்ச்சிக்கு ஆதரவு: ஜெகதீஸ்வரன், கப்பல் பயிற்சி மையம். பன்னிரண்டு வருஷத்தில் ஆள் சற்றுப் பருத்திருந்தான். சிரிப்பு மாறவில்லை. ரூபன் சாப்பிடாமல் டப்பாவை மூடினான். அன்று சாயந்தரம் கிருத்திகாவுக்குப் போன் செய்து, "வரேன்" என்றான்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அம்மாபேட்டையில் நடை தொடங்கியது. வந்தவர்கள் எல்லோருக்கும் ஜெகதீஸ்வரன் கையாலேயே ஒரு நீலத் தொப்பி கொடுத்தான். தொப்பியின் முன்பக்கம் அதே நங்கூரம். ரூபனிடம் வந்ததும் அவன் கை ஒரு விநாடி நின்றது.

"ரூபன் தானுங்களே? நல்லா இருக்கீங்களா தம்பி?"

ரூபன் தொப்பியை வாங்கவில்லை. கூட்டத்தின் பின்னால் போய் நின்றான்.

கிருத்திகா நன்றாகத்தான் பேசினாள். தறிச் சத்தம் கேட்கிற தெருவில் நிறுத்தி, மூட்டை கட்டிய துணி வண்டியேறித் துறைமுகம் போன வழியைச் சொன்னாள். அடுத்த திருப்பத்தில் இரும்பைப் பற்றிச் சொன்னாள். "கடல் நமக்கு அந்நியம் இல்லைங்க. நம்ம பெருமை அந்தத் தண்ணியில மிதந்திருக்கு" என்று அவள் முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ரூபன் கடைசி ஆளாக, பத்தடி தள்ளியே நடந்து வந்தான். பெருமை என்ற சொல் ஒவ்வொரு முறை காதில் விழும்போதும் அவன் இன்னும் ஓரடி பின்தங்கினான்.

கடைசி நிறுத்தம் ஒரு பூங்கா வாசல். அங்கே இட்லியும் காபியும் ஏற்பாடாகியிருந்தது. கிருத்திகா ரூபனை முன்னால் அழைத்தாள்.

"நான் இங்க பேசல. இன்னும் ஒரு இடம் பாக்கி இருக்கு. ரெண்டு தெரு தள்ளித்தான். வர்றவங்க வாங்க" என்று சொல்லிவிட்டு அவன் நடந்தான். என்னவோ ஏதோ என்று கூட்டம் பின்னாலேயே போனது. கிருத்திகா கையிலிருந்த தாளைப் புரட்டிப் பார்த்தாள். அதில் அப்படி ஒரு இடமே இல்லை.

கீழே ஜவுளிக்கடை, அதற்கு மேல் இரண்டு தளம் குடோன். பக்கவாட்டில் குறுகலான படிக்கட்டு. ரூபன் முதல் படியில் ஏறி நின்றுகொண்டான்.

"மூணாம் மாடியில பன்னண்டு வருஷத்துக்கு முன்ன ஒரு ஆபீஸ் இருந்துச்சு. கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஆபீஸ். நானும் அங்கமுத்துவும் இந்தப் படியிலதான் ஏறினோம். அவன் மோகனூர்க்காரன். கரும்புக்காட்டுக்காரங்க ஊட்டுப் பையன். ஐ.டி.ஐ.யில எங்கூடப் படிச்சவன். ரெண்டு பேரையும் ஒரே கப்பல்ல, இன்ஜின் ரூம்ல எண்ணெய் துடைக்கிற வேலைக்கு ஏத்தி விட்டாங்க. துரு ஏறின பழைய கப்பல். நாலு மாசம் ஓடுச்சு. அப்புறம் அரபு நாட்டுப் பக்கம் கரை தெரியிற தூரத்துல நங்கூரம் போட்டு நிறுத்தினாங்க. முதலாளி கைவிட்டுட்டான். டீசல் வரல. சோறு வரல. எங்க பாஸ்போர்ட்டும் எங்ககிட்ட இல்ல. கப்பல விட்டு இறங்கினா அந்த நாட்டுல கைது பண்ணுவாங்க."

இதையெல்லாம் அவன் பெண்டாட்டியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

"மழைத் தண்ணியப் பிடிச்சுக் குடிச்சோம். கம்பிய வளைச்சு மீன் பிடிச்சோம். நங்கூரம் போட்ட ஏழாவது மாசம் அங்கமுத்துவுக்கு வயித்து வலி. மூணு நாள் ரேடியோவுல கெஞ்சினோம். படகு நாலாம் நாள் வந்துச்சு. அவன் விடியக்காலமே போயிட்டான். அவன் உடம்ப எடுத்துக்கிட்டு எங்கள அங்கயே விட்டுட்டுப் போனாங்க. நான் இன்னும் அஞ்சு மாசம் அதே கப்பல்ல இருந்தேன். சேலத்துக் கடல் வரலாறுன்னு சொன்னா இந்தப் படிக்கட்டையும் சேர்த்துச் சொல்லணும். அந்த ஆபீஸ் நடத்தினவர்தான் உங்க தலையில இருக்கிற தொப்பியக் கொடுத்தார்."

ஜெகதீஸ்வரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"தம்பி, வார்த்தைய அளந்து பேசுங்க. எனக்கு அப்படி ஆபீஸே இருந்ததில்லைங்க. அங்கமுத்துன்னு யாரையும் எனக்குத் தெரியாதுங்க. நாளைக்கே வக்கீல் நோட்டீஸ் வருமுங்க."

"தெரியாதா? பையன மீட்டுக் கொடுங்கன்னு அவன் அப்பா உங்க கால்ல விழுந்தாரு. அதுவும் தெரியாதா?"

"யாரு கால்ல யாரு விழுந்தா?" ஜெகதீஸ்வரனின் முகம் சிவந்தது. அடக்கிவைத்த குரல் உடைந்தது. "பெரிய யோக்கியனாட்டம் படியில ஏறி நிக்கறயே, அங்கமுத்துவ எங்கிட்டக் கூட்டிட்டு வந்தது யாரு? ஒத்த ஆளுக்கு எடமில்ல, இன்னொருத்தனயும் கொண்டா, ரெண்டு பேரையும் உடனே ஏத்தறேன்னு சொன்னேன். அடுத்த நாளே அந்தப் பையனக் கொண்டாந்து எம்முன்னால நிறுத்தினது நீதானே? உன் அவசரத்துக்கு அவன இழுத்துட்டு வந்தவன் நீ!"

பன்னிரண்டு வருஷமாக ரூபன் உள்ளே பூட்டி வைத்திருந்தது அதுதான். பதினைந்து செல்போன்கள் அவனைப் பார்த்து நீண்டிருந்தன.

"ஆமா. நான்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றான்.

கூட்டத்திலிருந்து ஒரு ஆள் நகர்ந்து வந்தார். மேச்சேரியிலிருந்து வந்திருந்த கருப்பண்ணன். அவருடைய மகன் அந்தப் பயிற்சி மையத்தில்தான் படிக்கிறான். "இப்பத்தான் ஆபீஸே இல்ல, ஆளே தெரியாதுன்னீங்க. இப்ப ஏத்தறேன்னு சொன்னேங்கறீங்க. அப்ப அனுப்பினது நீங்கதானுங்களா?"

கருப்பண்ணன் தொப்பியைக் கழற்றி ஜெகதீஸ்வரனின் கையில் திணித்தார். இன்னும் நாலைந்து பேர் கழற்றிக் கீழே போட்டார்கள். ஜெகதீஸ்வரன் எதையும் பொறுக்காமல் காருக்குப் போனான்.

மறுநாள் கிருத்திகா போனில் கத்தினாள். "உங்களுக்குப் பழி தீர்க்க என் நடைதான் கிடைச்சுதா? நாலு வருஷமா ஒவ்வொரு தெருவா அலைஞ்சு சேர்த்தது சார் இது. இனிமே எனக்கு எந்தத் தெருவுலயும் யாரும் கதவு திறக்க மாட்டாங்க." ரூபன் மன்னிப்புக் கேட்கவில்லை. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதும் அவனுக்குத் தெரிந்தது. நோட்டீஸ் புதன்கிழமை வந்தது.

அந்த வீடியோ மோகனூருக்கும் போய்விட்டது.

அங்கமுத்துவின் அம்மா வசந்தாமணி. மகன் போன மூன்றாம் வருஷமே அப்பா இறந்துவிட்டார். கப்பலிலிருந்து வந்த கையோடு ரூபன் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறான். வசந்தாமணி இரும்பு கேட்டை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு, "எம்பையன் பொட்டியில வந்தான். நீ மட்டும் எப்புடிடா நடந்து வார?" என்று கேட்டாள். அதன் பிறகு போனதேயில்லை.

அடுத்த ஞாயிறு ரூபன் தானாகவே அந்தப் படிக்கட்டுக்கு வந்தான். அவன் வருகிறான் என்று கருப்பண்ணன் போனில் நாலு பேருக்குச் சொல்லியிருந்தார். மகனைக் கப்பலுக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று குழம்பியவர்கள் ஒன்பது பேர் வந்திருந்தார்கள். ஜவுளிக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி தூக்கி, "கடை முன்னால கூட்டம் போடாதீங்க" என்று விரட்டினார். அவர்கள் ஓரமாக நகர்ந்தார்களே தவிர போகவில்லை. அந்தச் சேதி மோகனூர் வரைக்கும் போயிருந்தது போல; அப்போது ஆட்டோவிலிருந்து வசந்தாமணி இறங்கினாள்.

நேராக ரூபனிடம் வந்தாள். அவன் கை தானாகக் கூப்பியது.

"கைய எறக்கு" என்றாள். "வீடியோவப் பாத்தேன். உனக்குச் சீக்கிரம் கப்பல் கெடைக்கோணும்னு எம்பையன ஆள் கணக்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்கற. பன்னண்டு வருசமா எங்கிட்ட அதச் சொல்லல. நீங்க ரெண்டு பேரும் ஆசப்பட்டுப் போனீங்கன்னு நெனச்சுட்டு இருந்தனே, பாவி!"

"சொல்லியிருக்கணும்மா. கேட்டைத் திறந்திருந்தாலும் சொல்லியிருப்பேனான்னு தெரியல. பயம்."

அவள் ஓங்கி ஒரு அறை விட்டாள். கருப்பண்ணன் குறுக்கே வரப் பார்த்தார். ரூபன் அவரைக் கையமர்த்தினான். கன்னம் எரிந்தது. வசந்தாமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படிக்கட்டை அண்ணாந்து பார்த்தாள்.

"எத்தன படி?"

"ஐம்பத்திரண்டு."

"வேண்டாம். நான் ஏறல." முதல் படியில் ஒரு காலை வைத்து ரூபன் பக்கம் திரும்பினாள். "எம்பையன் பேர இனி உன் வாயால சொல்லாத. அவன் கதைய நான் சொல்லிக்கறேன். கப்பல்ல நடந்தது மட்டும் உனக்குத் தெரியும், அத நீ சொல்லு. மத்ததுக்கு நான் இருக்கறேன்."

பிறகு அந்த ஒன்பது பேரைப் பார்த்துப் பேசினாள். மகன் எந்த மாசத்தில் பிறந்தான், கரும்பு வெட்டும்போது எப்படிப் பாடுவான், பெட்டி வந்த அன்று அதைத் திறக்கக்கூடாது என்று யார் யார் சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரூபன் சாலையின் எதிர்ப்பக்கம் போய் நின்றான். அவள் முடித்ததும் வந்து தன் பங்கைச் சொன்னான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கருப்பண்ணனின் மகன் படிப்பை நிறுத்திவிட்டு மேட்டூரில் வேலைக்குச் சேர்ந்தான். ஜெகதீஸ்வரனின் மையம் இன்னும் நடக்கிறது. அவன் ரூபன்மேல் போட்ட வழக்கும் நடக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வசந்தாமணி மோகனூரிலிருந்து பஸ் ஏறி அந்தப் படிக்கட்டுக்கு வருகிறாள். பேசி முடித்ததும் ரூபன் ஆட்டோவைக் கூப்பிட்டுக் கொடுப்பான். அவள் அதில் ஏறாமல், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போய்விடுவாள்.